காற்று நுழையும் துளை: நாகூரிலிருந்து காரைக்கால் வரை

சூடேற்றிய ஒரு பொருளின் புகையையோ ஆவியையோ மூச்சோடு உள்ளிழுப்பதற்கென மனிதர் செய்துகொண்ட கருவிகள் அனைத்திலும், எந்தப் பொருள் சூடேறுகிறது என்ற கேள்விக்கு நிகரான இடம், காற்று எந்தத் துளை வழியாக நுழைந்து, எதன் மேல் பட்டு, எவ்வளவு தொலைவு கடந்து வாயை அடைகிறது என்ற கேள்விக்கும் உண்டு. முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் மிகச் சிலர். நாகூரில் தொடங்கி, வாஞ்சூர் எல்லையைக் கடந்து, திருமலைராயன்பட்டினம் வழியாகக் காரைக்கால் நகரை அடையும் கடற்கரைச் சாலை இருபது கிலோமீட்டருக்கும் குறைவான நீளமுடையது. ஆயினும் அந்த இரண்டாவது கேள்வியின் வரலாற்றை ஏறத்தாழ முழுமையாகச் சொல்லிவிடக்கூடிய பொருள்கள் அதன் இருமருங்கிலும் கிடைக்கின்றன.

நாகூர் தர்கா இந்தப் பயணத்தின் தென்முனை. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானியான ஷாகுல் ஹமீது அடங்கியிருக்கும் இவ்விடத்தில், எல்லாச் சமயத்தாரும் வந்துபோகும் வாயில்களில், சாம்பிராணிப் புகை மாலைக் காற்றில் கலந்து நிற்கிறது. சாம்பிராணி என்பது சுமத்ரா முதலிய தென்கிழக்காசியப் பகுதிகளில் வளரும் ஸ்டைராக்ஸ் இன மரங்களின் பட்டையைக் கீறி எடுக்கப்படும் பிசின். கடல் வாணிகம் இதனைத் தமிழ்க் கடற்கரைக்குக் கொண்டுவந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. தூபக்காலில் தணல் நீறு பூத்திருக்கும் பக்குவத்தில் பொடியைத் தூவினால் எழும் வெண்ணிறப் படலத்தைப் புகை என்று அழைத்தாலும், அதன் பெரும்பகுதி கரி கலந்த புகையன்று. பிசினில் உள்ள பென்சாயிக் அமிலமும் அதனோடு சேர்ந்த மணப்பொருள்களும் வெப்பத்தால் ஆவியாகி, மேலெழுந்து, சற்றுக் குளிர்ந்த காற்றைச் சந்தித்ததும் கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்திவலைகளாகவும் நுண்படிகங்களாகவும் ஒடுங்கி மிதக்கின்றன. காற்றில் இவ்வாறு மிதக்கும் நுண்துகள்களின் கூட்டத்தையே அறிவியலார் ஏரோசால் என்கின்றனர்.

தூபக்காலை ஏந்துபவர் விசிறியைப் பயன்படுத்தும் விதத்தில் ஒரு பொறியியல் மறைந்திருக்கிறது. வேகமாக விசிறினால் தணலுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைத்து வெப்பம் ஏற, பிசின் ஆவியாவதற்குப் பதிலாகக் கருகத் தொடங்கி, மணம் கெட்டுக் காரம் மிகுகிறது. மெல்ல விசிறினால் பிசின் சிதையாமல் ஆவியாகிறது. சூடேற்றி உள்ளிழுக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான முதல் விதி இதுவே: காற்று சூட்டைத் தணிக்கவும் செய்யும், நெருப்பை வளர்க்கவும் செய்யும், இரண்டில் எதைச் செய்யும் என்பது அதன் வேகத்தையும் வழியையும் பொறுத்தது. காரைக்காலுக்கு வடக்கே திருக்கடவூரில் நாள்தோறும் குங்கிலியத் தூபமிடுவதையே தொண்டாகக் கொண்டிருந்த குங்கிலியக்கலய நாயனாரின் மரபும், நாகூரின் இந்த மரபும், திறந்த மண்டபத்தில் புகையைப் பரவவிடும் மரபுகள். அங்கே எவரும் குழாய் வைத்து உறிஞ்சுவதில்லை, பெருங்காற்று அதனை நீர்த்துவிடுகிறது. அதே பொருளைக் காற்றோட்டமில்லாத சிறிய அறையில் நாள் முழுதும் புகைத்தால், இளைப்பு உள்ளவர்களின் மூச்சுக்குழல் அதனை வேறு விதமாகவே ஏற்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நாகூரைவிட்டு வடக்கே திரும்பியதும் வாஞ்சூர் வருகிறது. இங்கிருந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் சட்டமும் வரியும் ஆளுகின்றன. 1739இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற காரைக்கால், 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டு, 1962இல் சட்டப்படியான மாற்றமும் நிறைவேறிய பின்னர், கடற்புறம் நீங்கலாகத் தமிழக மாவட்டங்கள் சூழ, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தனித்துண்டாக நிற்கிறது. எல்லையை ஒட்டியே, 2009இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் அமைந்துள்ளது. நிலக்கரி அதன் முதன்மைச் சரக்குகளுள் ஒன்று. அதன் தூசு குறித்து நாகூர்ப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் குறை கூறிவருகின்றனர்.

தூசு பற்றிய அந்தக் குறை, உள்ளிழுக்கும் கருவிகளின் இரண்டாவது விதியை விளங்கிக்கொள்ள உதவுகிறது. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஏறத்தாழ பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் மோதித் தங்கிவிடுகின்றன; ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரையிலானவை காற்றோடு வளைந்து திரும்பி நுரையீரலின் கிளைக்குழல்கள்வரை செல்கின்றன; அதைவிட நுண்ணியவற்றுள் ஒரு பகுதி வெளிமூச்சோடு திரும்பிவிட, எஞ்சியது காற்றுப்பைகளின் சுவரில் படிகிறது. தூசு வேண்டாத பொருள், மருந்து வேண்டிய பொருள். ஆனால் துகளின் பருமன் இரண்டையும் ஒரே விதியால்தான் ஆளுகிறது. மருந்துக் கருவியை வடிவமைப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி, துகளை இந்த ஒன்று முதல் ஐந்து மைக்ரான் இடைவெளிக்குள் நிறுத்துவதிலேயே செலவாகிறது.

திருமலைராயன்பட்டினத்தின் சாலையோரங்களிலும் தரிசுகளிலும், காவிரிப் படுகை எங்கும் போலவே, ஊமத்தை தானே முளைத்துக் கிடக்கிறது. சிவனுக்குரிய மலர் என்று மதிக்கப்படும் இந்தச் செடி கொடிய நஞ்சுடையது. அதே வேளையில், இளைப்பு நோய்க்கு அதன் உலர்ந்த இலையையும் வேரையும் புகைக்கும் வழக்கம் இந்நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்துவந்தது. சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவரும், சைதாப்பேட்டையில் தாவரத் தோட்டம் வளர்த்தவருமான ஜேம்ஸ் ஆண்டர்சன் வழியாக, 1802ஆம் ஆண்டளவில் இந்த வழக்கமும் அதற்குரிய ஊமத்தை வகையும் பிரிட்டனை எட்டின. அங்குள்ள மருத்துவர்கள் தம் நாட்டில் வளர்ந்த ஊமத்தை இனத்தைக் கொண்டு சோதித்துப் பார்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஆஸ்துமா சிகரெட்டுகள் மருந்துக்கடைகளில் சாதாரணமாக விற்கப்பட்டன. தமிழ்க் கடற்கரையின் கைமருந்து ஒன்று ஐரோப்பிய மருத்துவத்தின் ஓர் அதிகாரத்தையே தொடங்கிவைத்தது என்பது, பாடநூல்களில் இன்னும் உரிய இடம் பெறாத உண்மை.

அந்த ஆஸ்துமா சிகரெட் வேலை செய்த விதம் கவனிக்கத்தக்கது. புகைக்கும்போது சிகரெட்டின் நெருப்பு முனை 800 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. அந்த வெப்பத்தில் மருந்து பிழைக்காது. ஆனால் நெருப்புக்குச் சற்றுப் பின்னால், எரியாமல் சூடாக மட்டுமே ஆகும் மெல்லிய வளையம் ஒன்று உண்டு. உறிஞ்சும் மூச்சு வெப்பக் காற்றை அந்த வளையத்தின் ஊடாக இழுக்க, ஊமத்தையின் அட்ரோபின் முதலான சத்துகள் சிதையாமல் ஆவியாகி, பின்னாலுள்ள குளிர்ந்த பகுதியில் திவலைகளாக ஒடுங்கி வாயை அடைந்தன. மூச்சுக்குழலைச் சுருக்கும் நரம்புக் கட்டளையை அட்ரோபின் தடுப்பதால் இளைப்பு தணிந்தது. ஆயினும், எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் உறிஞ்சினார் என்பதற்கேற்ப ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு சென்றது. புகையின் எரிச்சலோ நோயுற்ற குழலை மேலும் புண்படுத்தியது. அளவைக் கட்டுப்படுத்த முடியாத காற்றுவழிதான் அந்த மருத்துவத்தைக் கைவிடச் செய்த காரணங்களுள் முதன்மையானது என்று கருதலாம். மருந்தின் கருத்து மட்டும் பிழைத்தது: அட்ரோபினின் வழிவந்த இப்ராட்ரோபியம் இன்றும் மூச்சுத்திணறலோடு வருவோருக்கு மருந்து நீர்மத்தை நுண்தூவலாக்கும் நெபுலைசர் வழியே கொடுக்கப்படுகிறது.

புகையின் அளவையும் எரிச்சலையும் கட்டுப்படுத்தும் இந்தச் சிக்கலைப் பழைய இந்திய மருத்துவம் அறியாமல் இருக்கவில்லை. சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம், ஐந்தாம் அத்தியாயத்தில் மருந்துப் புகை குடிக்கும் குழாயை விவரிக்கிறது: நாள்தோறும் குடிப்பதற்கு 36 விரற்கடை, நெய்ப்பசைப் புகைக்கு 32, தலையிலுள்ள கசடுகளை வெளியேற்றும் கடும்புகைக்கு 24 என்று, குடிப்பவரின் விரலாலேயே அளந்த நீளங்கள்; குழாய் நேராக, மூன்று கண்ணறைகளோடு, முனைத்துளை இலந்தைக் கொட்டை அளவாக இருக்க வேண்டும். தொலைவிலிருந்து வந்து, கணுக்களில் தடைபட்டு, குழாயின் நீளத்தில் மெலிந்த புகை புலன்களுக்குத் தீங்கு செய்யாது என்று அந்நூல் காரணமும் சொல்கிறது. இன்றைய சொற்களில் கூறினால், நீண்ட வழி புகையைக் குளிரச் செய்கிறது. தடுப்புகள் பெரிய துகள்களை மோதச் செய்து வடிக்கின்றன. துளையின் அளவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. பொருளின் பட்டியலோடு நில்லாமல், கருவியின் நீளத்துக்கும் துளைக்கும் அளவு குறித்து, அதற்குக் காரணமும் எழுதிவைத்த அந்த மனப்பாங்கு பெருமதிப்புக்குரியது.

அரசலாற்றுப் பாலத்தைக் கடந்தால் காரைக்கால் நகரம். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற நேர்த்தெருக்களின் முனைகளில், எந்தத் தமிழ் ஊரிலும் இருப்பதுபோல், பீடியும் சிகரெட்டும் விற்கும் பெட்டிக்கடைகள் நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புகையிலையின் தரத்தில் தேடுவது வழக்கம். காற்றோட்டத்தில் தேடுவதே சரியான இடம். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் வீடுகளில் பெண்கள் சுற்றும் பீடியின் இலை காற்றைக் கசியவிடாதது. சிகரெட்டுத் தாளோ நுண்துளைகள் உள்ளது, எரிவதற்கு உதவும் உப்புகள் சேர்க்கப்பட்டது. ஆகவே சிகரெட் தானே எரிந்துகொண்டிருக்கும். பீடி அடிக்கடி, அழுத்தமாக இழுக்காவிட்டால் அணைந்துபோகும். பீடியில் புகையிலை மிகக் குறைவு என்றாலும், இந்தக் கூடுதல் இழுப்புகளால் தாரும் கார்பன் மோனாக்சைடும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறையாமல், பல அளவீடுகளில் அதனை மிஞ்சியும், உடலில் சேர்கின்றன. பீடி சிறியது, ஆகவே தீங்கும் சிறியது என்ற நம்பிக்கை உழைப்பாளிக் குடும்பங்களில் செய்திருக்கும் கேடு சாதாரணமானதன்று.

சிகரெட் ஆலைகள் காற்றுத்துளையைப் பயன்படுத்திய விதம் இன்னும் வருத்தத்துக்குரியது. அமெரிக்காவில் சிகரெட்டுகளைச் சோதித்த எந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு வினாடியில், 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. வடிகட்டியைச் சுற்றியுள்ள தாளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகளை இட்டுவிட்டால், எந்திரம் இழுக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று கலந்து புகை நீர்த்துப்போக, தார் குறைவு என்று பொதியில் அச்சிட முடிந்தது. மனிதர் எந்திரம் அல்லர். அவருடைய விரலும் உதடும் அந்தத் துளைகளை அறியாமலே மூடின. நிகோடின் போதாதபோது அவர் ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்தார். மென்மையானவை என்ற பெயரில் பல்லாண்டுகள் விற்கப்பட்ட சிகரெட்டுகள் புகைப்பவரைக் காக்கவில்லை. விட்டுவிட எண்ணியிருந்தவர்களுக்குத் தொடர்வதற்கான சாக்கையே கொடுத்தன. கனடாவில் பின்னர் வகுக்கப்பட்ட கடுமையான சோதனைமுறை, அரை நிமிடத்துக்கு ஒரு முறை 55 மில்லிலிட்டர் இழுத்து, துளைகள் முழுவதையும் மூடிவிட்டு அளக்கிறது. ஒரே சிகரெட், துளையைத் திறந்து அளந்தால் ஓர் எண், மூடி அளந்தால் வேறோர் எண்.

இந்தப் பின்னணியிலேயே மின்சிகரெட்டைப் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் புகையிலையற்ற, சூடேற்றும் சிகரெட்டுக்குக் காப்புரிமை கோரி, 1965இல் பெற்றார். சந்தையில் நிலைத்த வடிவம் சீன மருந்தாளர் ஹோன் லிக் 2003இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகிய நீர்மங்களில் நிகோடினையும் மணப்பொருளையும் கலந்து, திரி வழியாக ஒரு கம்பிச்சுருளுக்கு ஊட்டுகிறார்கள். வாயால் உறிஞ்சியதும் உள்ளே அழுத்தம் குறைவதை ஓர் உணரி அறிந்து மின்சாரத்தைத் திறந்துவிட, சுருள் சூடேறி நீர்மம் ஆவியாகிறது; பக்கத்துளை வழியே நுழையும் காற்று அந்த ஆவியை அடித்துச்சென்று குளிர்வித்து, நுண்திவலைகளாக ஒடுக்குகிறது. துளை அகலமானால் காற்று மிகுந்து, ஆவி நீர்த்து, சுருளும் குளிர்ந்திருக்கிறது. துளை குறுகினால் ஆவி அடர்ந்து, திவலைகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பருக்க நேரம் கிடைக்கிறது. சுருளின் வெப்பமும் ஏறுகிறது. திரி உலரும் அளவுக்கு வெப்பம் ஏறினால் கிளிசரின் சிதைந்து அக்ரோலினும் ஃபார்மால்டிஹைடும் உண்டாகின்றன. பயன்படுத்துபவர் தாமே திருகி மாற்றிக்கொள்ளும் காற்றுவளையம் பல கருவிகளில் உண்டு. அதாவது, நஞ்சின் அளவைத் தீர்மானிக்கும் திருகு, அதை அளக்க வழியில்லாத ஒருவரின் விரலில் விடப்பட்டிருக்கிறது. நீர்மத்தில் எதைக் கலந்தாலும் கருவி அதையும் நுரையீரலுக்குள் செலுத்தும் என்பதை, 2019இல் அமெரிக்காவில் வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்த கஞ்சா நீர்மங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட நுரையீரல் நோய் காட்டியது; 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 68 பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவுசெய்தது.

இந்தியா 2019 செப்டம்பர் 18இல் அவசரச் சட்டத்தாலும், அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தாலும் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். எரிக்காமல் சூடேற்றும் புகையிலைக் கருவிகளும் மின்ஹூக்காவும் அதே வரையறைக்குள் அடங்கும். மதுவின் விலையிலும் வரியிலும் எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் வேறுபாடு நிலவும் வாஞ்சூரில்கூட இந்தச் சட்டம் இருபுறமும் ஒன்றே. மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற பொருள்களுக்கு அந்த வரையறை விலக்களிக்கிறது. வடிவத்தில் நெருங்கிய உறவுடைய இரு கருவிகளுள் ஒன்று தடைக்கும் மற்றொன்று மருத்துவமனைக்கும் உரியதாவதற்கு, அளவு தெரிந்த, சோதிக்கப்பட்ட, பொறுப்பேற்க ஆளுள்ள காற்றுவழி ஒன்று இருப்பதே நியாயமான அடிப்படை. புகையிலையை எரித்து விற்பது தொடரும்போது சூடேற்றி விற்பதை மட்டும் தடுப்பது முரண் என்று வாதிடுவோர் உண்டு. அந்த முரண் உண்மையானதே. ஆனால் அதற்குத் தீர்வு எரிப்பதையும் குறைப்பதில் இருக்கிறது. புதிய ஒரு வழியைச் சிறுவருக்குத் திறந்துவிடுவதில் இல்லை.

காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனையோடு, 2016இல் தொடங்கப்பட்ட ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படுகை எங்கும் சளியும் இளைப்பும் பெருகும். அப்போது வேலியோர நொச்சித்தழையைக் கொதிநீரில் இட்டு, போர்வையால் மூடிக்கொண்டு வேது பிடிப்பது எல்லா வீடுகளுக்கும் பழகிய முறை. அதன் பெரிய திவலைகள் முகத்திலும் மூக்கிலுமே தங்கிவிடுவதால், மூக்கடைப்பு சற்று இளகுவது உண்மை. நுரையீரலுக்குள் மருந்தாக எதுவும் செல்வதில்லை. நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிவியலார் ஆந்த்ரே லுவோஃப், 1980இல், 43 பாகை வெப்பமுள்ள ஈரக்காற்றை மூக்குக்குள் செலுத்தும் கருவியால் சளியைக் குணப்படுத்தலாம் என்று காட்ட முயன்றார். பின்னர் பிறர் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து குழந்தைகள் வெந்துபோவது மட்டும் உண்மையாகவே நிகழ்கிறது. கொரோனாப் பெருந்தொற்றின்போது ஆவி பிடித்தல் பொது இடங்கள்வரை பரவியபோது, 2021 மே மாதத்தில், பொது இடத்தில் அவ்வாறு செய்ய வேண்டாம் என்று தமிழக மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

திறந்த பானைக்கு மாற்றாக மருத்துவம் கண்டது, மீண்டும், ஒரு துளையே. இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ் 1778இல் ஒரு வெள்ளீயக் குவளையின் பிடியைக் குடைந்து துளையிட்டார். நோயாளி மூடியிலுள்ள குழாயில் உறிஞ்சும்போது வெளிக்காற்று பிடிவழியே இறங்கி, வெந்நீரின் அடியிலிருந்து குமிழியிட்டு மேலேறி ஆவியைச் சுமந்து வந்தது. 1860களில் வந்த நெல்சன் இன்ஹேலர் என்னும் பீங்கான் குடுவையில், பக்கவாட்டு மூக்கொன்று காற்றை நீர்மட்டத்துக்கு மேலே உள்ளே விடுகிறது. இந்தியச் செவிலியர் பாடங்களில் இன்றும் இடம்பெறும் இந்தக் குடுவையைக் கையாள்வதற்கு இரண்டு எச்சரிக்கைகள் முக்கியம்: நீர் அந்த மூக்கின் மட்டத்தைத் தொடக் கூடாது, தொட்டால் காற்றுவழி அடைபட்டு நோயாளியின் வாய்க்குள் கொதிநீரே ஏறும், மூக்கு நோயாளியை நோக்கி இருக்கவும் கூடாது. அந்த நீரில் இடும் மருந்து பெரும்பாலும் பென்சாயின் டிங்சர், அதாவது சாராயத்தில் கரைத்த சாம்பிராணி. தர்காவின் தணலில் வீழ்ந்த அதே பிசின்.

பிரான்சில் சால்-ஜிரோன் 1858இல் அமைத்த கைப்பம்பு, நீர்மத்தைத் தகட்டில் மோதவிட்டுத் தூவலாக்கியது. தடுப்பில் மோதிப் பெரிய துளிகள் திரும்பிவிழ, சிறியவை மட்டும் செல்லும் அந்தக் கோட்பாடு இன்றைய நெபுலைசரிலும் உண்டு. இன்று வழங்கும் அழுத்த இன்ஹேலர் 1956இல் வந்தது. வெப்பமே தேவையில்லாத அதில், அழுத்தத்தில் அடைத்த வாயு மருந்தைப் பெருவேகத்தில் வெளித்தள்ளுகிறது. வேகம் மிகுந்ததால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் மோதி வீணாகும். இடையில் ஒரு வெற்றுக் கூட்டை, அதாவது ஸ்பேசரை வைத்தால், தூவல் அதில் தணிந்து, துளிகள் சுருங்கி, குழந்தை இயல்பாக மூச்சுவிடும்போதே உள்ளே செல்லும். ஸ்பேசர் வாங்க இயலாத குடும்பங்களுக்காகத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அரை லிட்டர் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டி, அதன் துளை இன்ஹேலரைச் சுற்றிக் காற்றுப் புகாமல் ஒட்டப்பட்டிருந்தபோது, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்தது. இடைவெளி விட்டு வைத்த புட்டியில் பலன் குறைந்தது, திறந்த தெர்மோகோல் குவளையில் மிகவும் குறைந்தது. இன்ஹேலர் வாயின் வடிவத்துக்கு ஒரு கம்பியை வளைத்து, அதைச் சூடாக்கிப் புட்டியின் அடியில் அழுத்தினால், கசிவில்லாத அந்தத் துளை கிடைத்துவிடும். ஓரத்தைப் பசையால் அடைத்து, மருந்தை ஒவ்வோர் அழுத்தாகப் புட்டிக்குள் விட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு குழந்தையைச் சில முறை நிதானமாக மூச்சிழுத்து விடச் செய்ய வேண்டும்.